சுருளிவேலு வீட்டு ஜீப் உண்டான வருஷம்

ஏலக்காய் விலை மளமளவென்று ஏறி, ஏறிய வேகத்திலேயே இறங்கி, எங்களில் பாதிப் பேரைக் கிறுக்குப் பிடிக்க வைத்த அந்த வருஷத்து ஆடி மாதத்தில்தான், குதிரைப்பாறை சுருளிவேலு வீட்டு ஜீப் உண்டாகியிருக்கிறது என்ற சேதி எங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி அது எப்படி என்பதல்ல, எத்தனை மாசம் என்பதுதான்.

தார் ரோட்டில் பிறந்து தார் ரோட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் மலையில் ரோடு என்று ஒன்று கிடையாது, ஜீப் போன தடம் என்று ஒன்று உண்டு, அதைத்தான் நாங்கள் மரியாதைக்கு ரோடு என்று சொல்லிக்கொள்கிறோம். சுருளிவேலு கல்யாணமான புதிதில், ஒரு எஸ்டேட் ஏலத்தில் அந்த ஜீப்பை எடுத்து ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, அவன் பெண்டாட்டி பவளக்கொடி ஆரத்தி சுற்றி, நெற்றிக் கண்ணாடியில் குங்குமம் வைத்து, இதுதான் எனக்கு மூத்தவள் என்று சொன்னாள். அன்றிலிருந்து அதற்கு மூத்தவள் என்பதே பெயராகிவிட்டது, பின்னால் பிறந்த மகள் தமயந்தி இளையவளாகவே வளர்ந்தாள். மூத்தவள்தான் ரேஷன் அரிசியை மேலே கொண்டுவந்தாள், ஏலக்காய் மூட்டையைக் கீழே கொண்டுபோனாள், பரீட்சைக்குப் பிள்ளைகளையும் கிடாய் வெட்டுக்குக் கிடாயையும் கல்யாணத்துக்குப் பெண்ணையும் ஏற்றினாள், திருவிழாவில் அம்மனையே பின்சீட்டில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்தாள். காட்டாறு முழங்காலுக்கு ஓடினாலும் தொடைக்கு ஓடினாலும், நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கிற அந்தச் சின்னக் கம்பியைப் போட்டதும் எருமை இறங்குகிற மாதிரி நிதானமாக இறங்கி, அக்கரை ஏறி, உடம்பை உதறிக்கொண்டு நிற்பாள். டேங்க் ஒழுகினால் குளிக்கிற சோப்பை வைத்து அடைத்தால் போதும், குழாய் விட்டுப்போனால் கட்டுக்கம்பி போதும், ஒன்றுமே இல்லாவிட்டால் பவளக்கொடி வந்து நாலு வார்த்தை திட்டினால் போதும், கிளம்பிவிடுவாள். அவள் இல்லாத குதிரைப்பாறையை எங்களால் நினைத்துப் பார்க்க முடிந்ததில்லை.

முதலில் பவளக்கொடிதான் கண்டுபிடித்தாள். காலையில் வண்டியைக் கிளப்பினால் கொஞ்சம் ஆயில் கக்குகிறது, பழைய டீசலை ஊற்றினால் குடிக்காமல் அடம்பிடிக்கிறது, ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகையைத் தாண்டும்போது மட்டும் நின்று நின்று போகிறது என்று ஒவ்வொன்றாகச் சுருளிவேலு சொல்லிக்கொண்டே போக, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்துபோய், வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இரண்டு அச்சுக்கும் நடுவே, எப்போதும் தட்டையாக இருக்கிற இடத்தில், இரும்பு லேசாகப் புடைத்துக்கொண்டு வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏங்க, இவ முழுகாம இருக்கா. இது தெரியாம நேத்து மூட்டை மூட்டையா ஏத்தியிருக்கீங்களே," என்றாள்.

சுருளிவேலு நம்பவுமில்லை, நம்பாமலுமில்லை. கீழே டவுனில் இருந்து மெக்கானிக் ஹனீபா பாயை அழைத்துவந்தான். பாய் அந்த ஜீப்பை அதன் இளம் வயதிலிருந்து பார்த்துவருகிறவர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். அன்றைக்கும் அப்படியே கேட்டார், பிறகு படுத்தபடி அடியில் நகர்ந்து புடைத்த இடத்தில் வைத்துக் கேட்டார், பிறகு எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அணைச்சிட்டீங்களா?"

"சாவி என் கையில இருக்கு பாய்."

"அப்பன்னா உள்ள இருக்கறதுதான் அடிச்சிக்கிருக்கு. நல்லா துடிப்பா இருக்கு, மாஷா அல்லாஹ்," என்று சொல்லி வெளியே வந்தவர், கையைத் துடைத்துக்கொண்டு, இனி முதல் கியரைத் தவிர வேறு வேண்டாம், பள்ளத்தில் போடக் கூடாது, ஆயில் மட்டும் வேளாவேளைக்கு நல்லதாகக் கொடுங்கள் என்றார். ரிப்பேருக்கு வாங்குகிற கூலியை அன்றைக்கு வாங்கவில்லை. டீ மட்டும் குடித்தார்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பின்படியில் தொற்றிக்கொண்டு வந்தே பழகிய ஆண்பிள்ளைகள், ஏற்றம் வந்தால் தாமாகவே இறங்கி நடந்தார்கள். மூட்டைகளைத் தலையில் சுமந்தார்கள், சுமந்துகொண்டே, இவளை இத்தனை நாள் என்ன பாடு படுத்தியிருக்கிறோம் என்று பேசிக்கொண்டார்கள். எத்தனை மாதத்தில் பெறுவாள் என்பதில்தான் தகராறு. ஆட்டுக் கணக்கு என்றார்கள் சிலர், மனுஷர் கணக்கு என்றார்கள் சிலர், எடையைப் பார்த்தால் யானைக் கணக்குத்தான் சரிவரும், இன்னும் ஒரு வருஷம் நடக்க வேண்டியதுதான் என்று ஒருவர் சொன்னதற்கு, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போகிற தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். தகப்பன் யார் என்ற பேச்சும் டீக்கடையில் எழாமல் இல்லை. திருவிழா வாரம் பூராவும் பக்கத்து எஸ்டேட்டின் பச்சை ஜீப் ஒன்று இவளை ஒட்டி நின்றிருந்ததைச் சிலர் நினைவுபடுத்தினார்கள். பவளக்கொடி காதில் அது விழுந்ததும், வந்து கடைவாசலில் நின்று, என் மகள் வயிற்றில் இருப்பது என் வீட்டுப் பிள்ளை, வேறு யார் வீட்டுக்கும் அதில் பாத்தியதை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கீழே செக்போஸ்ட்டில் ஒரு புது அதிகாரி, வண்டியின் வயிறு ஏன் இப்படி இறங்கியிருக்கிறது, உள்ளே என்ன கடத்துகிறீர்கள் என்று கேட்டுக் குனிந்தவர், தொட்டுப் பார்த்ததும் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்போது விசேஷமாம். வண்டிக்கு ஓரமாக நிழலில் இடம் விட்டுக் கொடுத்து, அடுத்த முறை வரும்போது மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார்.

இதெல்லாம் நடந்த அதே சமயத்தில்தான் இளையவள் தமயந்தியும் சின்னமனூரில் மாமனார் வீட்டில் மாசமாக இருந்தாள்.

தமயந்திக்கு இது இரண்டாவது. முதலாவது மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் சரியாகச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கணவன் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தான், வாரம் ஒருமுறை வந்துபோவான், நல்ல பையன். மாமனார் தர்மலிங்கமும் நல்ல மனுஷர்தான், ஆனால் அரிசி ஆலை வைத்திருக்கிறவர், எதையும் உமி நீக்கித்தான் பார்ப்பார். புதிதாக வாங்கிய வழவழப்பான கார் ஒன்று அவரிடம் இருந்தது. கல்யாணத்தன்றே, இன்னமுமா சம்பந்தி இந்தத் தகர டப்பாவை வைத்திருக்கிறீர்கள் என்று மூத்தவளைப் பார்த்து அவர் கேட்டது சுருளிவேலுவுக்கு நெஞ்சில் தைத்துக் கிடந்தது. தமயந்தி, இந்தத் தடவை அம்மா வீட்டில்தான் இருப்பேன், அங்கே இருந்தால்தான் தக்கும் என்று தோன்றுகிறது என்று பிடிவாதமாகச் சொன்னபோது, அவர் வளைகாப்புப் பந்தலிலேயே மறித்தார்.

"ரோடு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. நடுவுல ஆறு வேற. வலி கண்டா என்ன செய்வீங்க?"

"மூத்தவ இருக்கா சம்பந்தி. கொண்டாந்து ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கிருவா. அதுக்கு நான் பொறுப்பு," என்றான் சுருளிவேலு.

"அது சரி. அந்த வண்டியே வாயும் வயிறுமா இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது எப்படி எம் மருமகளைக் கொண்டாரும்?"

"உண்டானவ எப்பவும் பாத்துத்தாங்க நடப்பா."

பந்தலில் இருந்த பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். தமயந்தியும் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்ததும் தர்மலிங்கம் சரி என்று விட்டார். அப்படித்தான் அந்தப் பெண் ஆவணி மாதத்தில் கை நிறைய வளையலோடு, மூத்தவளின் முன்சீட்டில் மெத்தை போட்டு உட்கார்ந்து, நத்தை ஊர்கிற வேகத்தில் குதிரைப்பாறைக்கு வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் ஒரு கையைத் தன் வயிற்றிலும் ஒரு கையை வண்டியின் முன்பலகையிலும் வைத்திருந்தாளாம். சின்ன வயதிலிருந்தே அவள் மூத்தவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

வந்த வாரத்திலேயே மூத்தவளுக்கும் வளையல் போட்டோம். அக்காவுக்குப் போடாமல் எனக்கு மட்டும் என்ன என்று தமயந்திதான் ஆரம்பித்தாள். கண்ணாடியைத் துடைக்கிற கம்பிகளில் கண்ணாடி வளையல், பக்கவாட்டுக் கண்ணாடிகளில் வேப்பிலை வளையல், நெற்றியில் சந்தனம், புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று வகைவகையாக ஆக்கி முன்னால் வைத்தோம். அவளுக்குப் பதிலாக நாங்கள் சாப்பிட்டோம். எல்லாம் நல்லபடியாக முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில்தான், பிரசவம் பார்த்துப் பழகிய ராக்கம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஒரு வீட்டுல ரெண்டு பேரு ஒண்ணா சொமக்கக் கூடாது பவளம். ஒண்ணு தக்குனா ஒண்ணு தக்காது."

வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயின. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அக்காவும் தங்கையும் ஒரே சமயத்தில் உண்டானால் ஒருத்தியை வேறு வீட்டில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் ஒருத்தி ஜீப்பாக இருந்ததால் அது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை. இப்போது தோன்றிவிட்டது, தோன்றினதை மறுபடி மறக்க முடியவில்லை. ஏற்கனவே ஒன்று தங்காமல் போனவள் தமயந்தி. பவளக்கொடி ஒரு ராத்திரி தூங்காமல் கிடந்துவிட்டு, காலையில் எழுந்ததும் தன் தம்பி செல்லையாவுக்குச் சொல்லியனுப்பினாள். ஆற்றுக்கு அக்கரையில், டவுனுக்கு இறங்குகிற வழியில், அவனுக்குக் காப்பித் தோட்டமும் கொட்டகையும் இருந்தன. கார்த்திகையில் தமயந்திக்கு நாள் நெருங்குகிறபோது திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அதற்குள் மூத்தவளுக்கே ஆகிவிட்டாலும் ஆகிவிடும், அதுவரை ஆற்றுத்தண்ணீர் நடுவில் ஓடட்டும், ஒருத்தி மூச்சு ஒருத்தி மேல் படாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்தோம்.

ஆற்றைக் கடக்க இருக்கிற ஒரே வண்டியை, ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறோமே என்று எங்களில் ஒரு ஆளுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் கண்ணெல்லாம் அந்த இரண்டு வயிற்றின் மேல் இருந்தது.

சுருளிவேலு வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாவியை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரில் நடந்து திரும்பி வந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. தமயந்தி அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு, சாயங்காலமானால் ஆற்றங்கரை வரைக்கும் மெல்ல நடந்து போய் நிற்பாள். அக்கரையில் செல்லையா கொட்டகைக்குள் முகப்பு விளக்குகள் மட்டும் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. பெய்தது என்று சொன்னால் போதாது, மலையே கரைந்து கீழே போகிற மாதிரி ஊற்றியது. மழைக்கு முந்தின நாள் மருமகளுக்கு அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்த தர்மலிங்கம், தன் வழவழப்பான காரைத் தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து ஏறி வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் சுருளிவேலு வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். மழை கொஞ்சம் வெறித்த மறுநாள் காலையில், இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அம்மா என்று தமயந்தி சுவரைப் பிடித்தாள்.

நாள் இன்னும் இருந்தது. ராக்கம்மா வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தவள், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றாள். சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தர்மலிங்கம் மட்டும் சுருளிவேலுவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை, பயம்தான் இருந்தது. அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சுருளிவேலு பின்னால் சொன்னான்.

ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. தமயந்தியை நைலான் கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கி வந்தோம். ஆறு செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை அள்ளிக்கொண்டு இடுப்புக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் கூவிய கூவலில் செல்லையா அக்கரையில் கொட்டகையைத் திறந்து மூத்தவளைக் கிளப்பிக் கரைக்குக் கொண்டுவந்தான். அவள் வயிறு தரையைத் தொடுகிற அளவுக்கு இறங்கியிருந்தது, நின்ற இடத்திலேயே உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தாள், எஞ்சின் சத்தம் ஒரு சீராக இல்லாமல் விட்டு விட்டு வந்தது.

"மாமா, இவளுக்கும் காலையில இருந்து வலி," என்று செல்லையா அக்கரையிலிருந்து கத்தினான். "என்ன செய்யட்டும், இறக்கட்டுமா?"

சுருளிவேலு கட்டிலில் கிடந்த மகளைப் பார்த்தான், அக்கரையில் நின்ற மூத்தவளைப் பார்த்தான். இறக்கு என்றால் இந்த வெள்ளத்தில் மூத்தவள் வந்துவிடுவாள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை, எத்தனை வெள்ளத்தைப் பார்த்தவள். ஆனால் அந்த வயிற்றோடு அந்தக் குளிர்ந்த தண்ணீரில், அந்தப் பாறைகளின் மேல் இறங்கினால் உள்ளே இருப்பது மிஞ்சாது என்பதும் எல்லோருக்கும் தெரிந்தது. ராக்கம்மா சொன்ன வார்த்தை எங்கள் எல்லோர் நடுவிலும் வந்து நின்றது. பவளக்கொடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தர்மலிங்கம்கூட, இறக்கச் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை.

தமயந்தி கட்டிலிலிருந்து முழங்கையை ஊன்றி எழுந்தாள். ஒரு வலி வந்து போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, அக்கரையைப் பார்த்தாள்.

"அக்கா இறங்க வேணாம்ப்பா," என்றாள். "அவளுக்கு இது தலைப்பிரசவம். என்னையத் தூக்கிட்டுப் போங்க."

கயிறு போடச் சொல்லி அக்கரைக்குக் கத்தினோம். செல்லையா கயிற்றின் ஒரு முனையை மூத்தவளின் முன்பம்பர் கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கல்லில் கட்டி எங்களிடம் வீசினான், நாங்கள் அதை இக்கரை நாவல் மரத்தில் இறுகக் கட்டினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஆற்றில் இறங்கி, தோளோடு தோள் முட்ட, இக்கரையிலிருந்து அக்கரை வரைக்கும் வரிசையாக நின்றோம். ஆண்களோடு பெண்களும் நின்றார்கள். டீக்கடைக்காரரும் பூசாரியும் அடுத்தடுத்து நின்றார்கள், வரப்புத் தகராறில் மூன்று வருஷமாக முகம் பார்க்காத பங்காளிகள் இரண்டு பேர் ஒருத்தன் இடுப்பை ஒருத்தன் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தர்மலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே இறங்கி, ஆழமான இடத்தில் போய் நின்றார். கட்டில் எங்கள் தலைக்கு மேலே கைமாறிக் கைமாறிப் போனது. வெள்ளம் தள்ளும்போதெல்லாம் வரிசை வளைந்தது, வளைந்த வரிசையை அக்கரையிலிருந்து கயிறு இழுத்து நிமிர்த்தியது. அந்த வலியிலும் நாலு சக்கரத்தையும் மண்ணில் ஊன்றிக்கொண்டு மூத்தவள் ஒரு சாண்கூட நகரவில்லை. கட்டில் என் கைக்கு வந்தபோது தமயந்தியின் வளையல்கள் என் நெற்றியில் இடித்தன. நான் அதை அடுத்த கைக்குக் கொடுத்துவிட்டு, பயத்திலும் சந்தோஷத்திலும் தண்ணீருக்குள் நின்று அழுதேன், ஆற்றுத்தண்ணீர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அக்கரையில் அவளைப் பின்சீட்டில் கிடத்தி, தலைமாட்டில் பவளக்கொடியும் முன்னால் தர்மலிங்கமும் ஏறிக்கொள்ள, சுருளிவேலு ஸ்டியரிங்கைப் பிடித்தான். வேறு ஒருவரும் ஏறவில்லை, ஏற மனசு வரவில்லை. அதற்குப் பிறகு கீழ்வரைக்கும் வண்டியைத் தான் ஓட்டவில்லை, அவள்தான் போனாள், தான் கூட உட்கார்ந்திருந்ததோடு சரி என்று சுருளிவேலு சொல்வான். தமயந்திக்கு வலி வரும்போது மூத்தவள் நின்றாளாம். மூத்தவளுக்கு வலி வந்து நடுங்கி நிற்கும்போது, தமயந்தி கையை நீட்டிப் பக்கத்துத் தகரத்தைத் தடவிக்கொடுத்து, கொஞ்சம் பொறுத்துக்கோக்கா, வந்துட்டோம் என்றாளாம். தார் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் தர்மலிங்கத்தின் கார் பாதிச் சக்கரம் வரைக்கும் சேற்றில் உட்கார்ந்திருந்தது. இங்கே இறங்கி மாறிக்கொள்ளலாமா என்று அவர் கேட்கவில்லை, அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரும் ஒரு கையால் முன்பலகையைத் தடவிக்கொண்டே வந்தார் என்று பவளக்கொடி சொன்னாள்.

கால் திடமாக இருந்த நாங்கள் சிலர் குறுக்குப் பாதையில் இறங்கி, வாழைத்தார் லாரி ஒன்றைப் பிடித்து, டவுனில் ஹனீபா பாயையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, தமயந்தியை உள்ளே கொண்டுபோய்விட்டிருந்தார்கள். வெளியே புங்கமரத்தடியில் மூத்தவள் நின்றிருந்தாள். எஞ்சின் அணைந்திருந்தது, கதவிடுக்குகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. சுருளிவேலு பிரசவ அறை வாசலுக்கும் புங்கமரத்துக்கும் நடுவே, ஈரத்துணியோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தான்.

"இங்க டாக்டரம்மா இருக்காங்க, நான் இருக்கேன்," என்றாள் பவளக்கொடி. "அங்க யாருமில்ல. போங்க."

அவன் போய் ஹனீபா பாயோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் கை அகலத்தில் இரண்டு சின்னச் சக்கரங்கள் வெளியே வந்தன என்று பாய் பிற்பாடு சொன்னார். பிறகு, ஈரத்தில் சுருங்கிய தார்ப்பாய்க் கூரையும், இன்னும் திறக்காத முகப்பு விளக்குகளுமாகக் கன்றுக்குட்டி அளவில் ஒரு ஜீப் புல்லின் மேல் இறங்கியது. மூத்தவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, நாலு சக்கரத்திலும் தளர்ந்து நின்றாள். சுருளிவேலு தன் துண்டால் குட்டியைத் துடைத்தான், நெஞ்சுப்பக்கம் தேய்த்தான், காதை வைத்துக் கேட்டான். அது அசையவில்லை. பாய் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டுவிட்டு, துடிப்பு இருக்கிறது, ஆனால் மூச்சு இன்னும் பிடிக்கவில்லை என்றார், இன்னும் தேயுங்கள் என்றார். அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

அதே நேரத்தில் உள்ளே பிள்ளை பிறந்துவிட்டது. பிறந்தது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், தமயந்தியின் சத்தம் நின்றுபோனதில் தெரிந்தது. அதற்குப் பிறகு வரவேண்டிய சத்தம் வரவில்லை. உள்ளே அவசரமாக யாரோ நடக்கிற சத்தம் கேட்டது, தட்டுகிற சத்தம் கேட்டது, அழு பாப்பா, அழு என்று டாக்டரம்மா கெஞ்சுகிற குரல் கேட்டது. வராந்தாவில் தர்மலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ராக்கம்மா எங்களோடு லாரியில் வந்திருந்தாள், அவள் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். பவளக்கொடி கதவைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை உள்ளேயும் ஒருமுறை புங்கமரத்துப் பக்கமும் பார்த்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைச் சத்தம் வரவில்லை. ஒன்றாவது தக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லையாம், எதை என்று சொல்லி வேண்டுவது என்று பின்னால் எங்களிடம் கேட்டாள்.

அப்போது புங்கமரத்தடியிலிருந்து, தொண்டை கட்டின மாதிரி, சின்னதாக ஒரு ஹார்ன் சத்தம் வந்தது. கொஞ்சம் நின்று, காரியம் புரிந்துபோன மாதிரி, மறுபடியும் வந்தது, இந்தத் தடவை ஆஸ்பத்திரி ஜன்னலெல்லாம் அதிர, நீளமாக, விடாமல் வந்தது. அந்தச் சத்தத்தில் உள்ளே பிள்ளை திடுக்கிட்டு, கையையும் காலையும் உதறி, வீறிட்டு அழுதது.

அழுகையும் ஹார்னும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டன, ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று எடுத்துக்கொடுத்தது. நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். தர்மலிங்கம் எழுந்து புங்கமரத்தடிக்கு ஓடி, சேற்றோடு சேறாகக் கிடந்த சுருளிவேலுவை வெளியே இழுத்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்து ஒரு நர்ஸம்மா, துணியில் சுற்றிய பெண்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வெளியே வந்தார். அழுகை அப்போதுதான் அடங்கியிருந்தது, வெளியே ஹார்ன் மட்டும் இன்னும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா எங்களை ஒரு முறை முறைத்தார்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுக்கிட்டு யாருங்க அது இப்படி ஹார்ன் அடிக்கறது?"

பவளக்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள்.

"என் மூத்த பேத்தி தாயி," என்றாள். "இப்பத்தான் பொறந்தா. அவளுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."